பெயரும் மதிப்பும்: கணினி அமைப்பு அட்டவணைகளில் விளக்கத்தின் இடம்

முன்னுரை

மென்பொருளின் நடத்தையை நிர்ணயிக்கும் அமைப்புகள் பெரும்பாலும் பெயர், மதிப்பு என்னும் இணைகளாகச் சேமிக்கப்படுகின்றன. அவற்றை அட்டவணையாகத் திரையில் காட்டுவது இயல்பான வடிவமாகவே தோன்றும். ஆயினும் அவ்வடிவம் எதைக் காட்டியது, எதை விடுத்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை மூன்று சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐஎன்ஐ கோப்பும் ரிஜிஸ்ட்ரியும்

விண்டோஸின் தொடக்கப் பதிப்புகளில் அமைப்புகள் ஐஎன்ஐ எனப்படும் உரைக்கோப்புகளில் இருந்தன. சதுர அடைப்புக்குள் பிரிவின் தலைப்பும், அதன்கீழ் வரிக்கு ஒன்றாகப் பெயர், சமக்குறி, மதிப்பு ஆகியனவும் அமைந்தன. அரைப்புள்ளியில் தொடங்கும் வரி குறிப்புரையாகக் கொள்ளப்பட்டது. எனவே, ஒரு மதிப்பை மாற்றிய காரணத்தை அதன் அருகிலேயே எழுதிவைக்க இயன்றது.

விண்டோஸ் 95 (1995) ரிஜிஸ்ட்ரி என்னும் மையத் தரவகத்தை முதன்மைப்படுத்தியது. அதன் தொகுப்பான் இடப்புறத்தில் கிளைவடிவையும் வலப்புறத்தில் பெயர், தரவு என்னும் நெடுவரிசைகளையும் காட்டியது. விண்டோஸ் எக்ஸ்பியின் (2001) தொகுப்பானில் வகை என்னும் நெடுவரிசையும் உண்டு. மதிப்பு சரமா, எண்ணா என்பது இதனால் வெளிப்படையாயிற்று; குறிப்புரைக்கோ அட்டவணையில் இடமில்லை. மாற்றத்திற்கு முன்பிருந்த மதிப்பையும் அது காட்டுவதில்லை.

ஃபயர்ஃபாக்ஸ்

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ‘அபவுட்:கான்ஃபிக்’ பக்கம் பெயர், நிலை, வகை, மதிப்பு என நான்கு நெடுவரிசைகளைக் கொண்டிருந்தது. பயனர் மாற்றிய வரிசை தடித்த எழுத்தில் தோன்றும். அதனை இயல்புநிலை மதிப்புக்கு மீட்கவும் இயலும். ஆனால் பெயரின் பொருளை விளக்கும் நெடுவரிசை இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 3 (2008) அப்பக்கத்தின் நுழைவில் ஓர் எச்சரிக்கையை வைத்தது. விளக்கம் இருந்திருக்க வேண்டிய இடத்தை எச்சரிக்கை நிரப்பியது.

ஜிகான்ஃப்

க்னோம் 2 (2002) மேசைத்தளம் பயன்படுத்திய ஜிகான்ஃப், அமைப்பின் பெயருடன் வகை, இயல்புநிலை மதிப்பு, சுருக்க விளக்கம், விரிவான விளக்கம் ஆகியவற்றையும் வரையறுக்க வழிசெய்தது. அட்டவணையில் ஒரு வரிசையைத் தேர்ந்தால், கீழே அதன் விளக்கம் தோன்றும். அவ்விளக்கத்தை மொழிதோறும் தனித்தனியே எழுதவும் இயன்றது.

முடிவுரை

அமைப்பின் பெயர் நிரலுக்கு உரியது. அதனை மொழிபெயர்த்தால் நிரல் அதனை இனங்காணாது. விளக்கமே பயனருக்கு உரியது. அதனைத் தமிழிலும் எழுதலாம். எனவே, பெயரையும் மதிப்பையும் மட்டும் காட்டும் அட்டவணை, ஆங்கிலம் அறியாத பயனரைத் தன் கணினியின் அமைப்புகளிலிருந்தே விலக்கி நிறுத்துகிறது. இடைமுகத் தமிழாக்கம் பொத்தான்களோடும் பட்டிகளோடும் நின்றுவிடலாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.