மருத்துவமனை அமைதி

நோயாளி தூங்கி உடல் தேறுவதற்காக, மருத்துவமனைக்குள்ளும் அதைச் சுற்றிலும் எழும் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு. மருந்தைப் போலவே இதுவும் சிகிச்சையின் பகுதிதான். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியர் நூலில் இரைச்சலுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நோயாளியின் காதுபட நடக்கும் கிசுகிசுப் பேச்சையும் அவர் கண்டித்தார்.

உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வார்டுக்குப் பரிந்துரைத்த அளவு 30 டெசிபல். இந்தியாவின் ஒலி மாசு விதிகள் (2000), மருத்துவமனையைச் சுற்றி மாநில அரசு அறிவிக்கும் அமைதி மண்டலத்தில் பகலில் 50, இரவில் 40 டெசிபலை அனுமதிக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகக் கேரளம் செல்லும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையோர மருத்துவமனைகளில் லாரி, பேருந்துகளின் ஏர்ஹாரன் ஓயாது. திருவிழா நாட்களில் கூம்பு ஒலிபெருக்கியும் சேரும். ஆனால் நள்ளிரவில் நோயாளியை எழுப்பிவிடுவது பெரும்பாலும் வார்டுக்குள் எழும் சத்தமே: எண்ணெய் காணாத தள்ளுவண்டிச் சக்கரம், தரையில் விழும் எவர்சில்வர் டம்ளர், துணைக்கிருப்பவரின் செல்போனில் ஓடும் வீடியோ. சக்கரத்துக்கு ரப்பர் உறை, இரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் ஒரே வேளையில் முடிப்பது, கருவிகளின் எச்சரிக்கை ஒலியை அந்தந்த நோயாளிக்கேற்ப அமைப்பது ஆகியவை செலவு குறைந்த வழிகள். அமெரிக்காவில் நோயாளிகளின் திருப்தியை அளக்கும் தேசியக் கருத்துக்கணிப்பில், இரவில் அமைதி இருந்ததா என்பதும் ஒரு கேள்வியாக இடம்பெற்றது.

இந்திய விதிகள் இரவு 10 முதல் காலை 6 மணி வரை விதிக்கும் ஒலிபெருக்கிக் கட்டுப்பாடு மீறப்பட்டால் பொதுமக்கள் காவல்துறையிடம் புகார் அளிக்கலாம்.