கக்கூஸ் சுவரும் ஒரு கல்வெட்டுதான்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கத்துத் தம்பிகளிடம் தலைப்பைச் சொன்னதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசகர்கள் மூக்கைப் பொத்த வேண்டாம். வைட்டிலா ஹப்பில் ஊருக்குப் பஸ் ஏறுகிற எவரும் அந்த வாசலுக்கு ஒருமுறை போய்வந்தவர்தான். உள்ளே சுவரில் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்ததை மட்டும் யாரும் வெளியே சொல்வதில்லை.

முதலில் பெயர். கக்கூஸ் தமிழும் அல்ல, மலையாளமும் அல்ல. டச்சு மொழியில் ‘காக்’ என்றால் மலம், ‘ஹொய்ஸ்’ என்றால் வீடு. தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658இலும், நம் கொச்சியை 1663இலும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள். போன இடமெல்லாம் இந்தச் சொல்லை விட்டுவைத்தார்கள். சிங்களத்தில் கக்குஸ்ஸிய, இந்தோனேசியாவில் காகுஸ். மிளகை ஏற்றிக்கொண்டு போனவன் பதிலுக்கு இறக்கிய சரக்கு! வியாபாரத்தில் இப்படியும் ஒரு கொள்முதல்.

சுவரில் எழுதும் பழக்கம் அவர்களுக்கும் முந்தியது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியம் நகரத்தில், ஒரு வீட்டுக் கழிப்பறைச் சுவரில், டைட்டஸ் சக்கரவர்த்தியின் வைத்தியர் அப்பொல்லினாரிஸ் இங்கே நன்றாக வெளிக்குப் போனார் என்று லத்தீனில் கிறுக்கியிருக்கிறது. வைத்தியருக்கே அது ஒரு செய்தியாக இருந்திருக்கிறது பாருங்கள். லண்டனில் 1731இல் சத்திரத்து ஜன்னல் கண்ணாடிகளிலும் கழிப்பறைச் சுவர்களிலும் இருந்த பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமே போட்டார்கள். அமெரிக்காவில் ஆலன் வாக்கர் ரீட் என்னும் சொல்லாராய்ச்சிக்காரர் 1928இல் ஊர் ஊராகப் போய் இவற்றை எழுதியெடுத்தார். சொந்த நாட்டில் அச்சிட வழியில்லாமல் 1935இல் பாரிசில் 75 பிரதிதான் போட முடிந்தது. 1966இல் ஆலன் டண்டஸ் என்ற பேராசிரியர் இதற்கு ‘லாட்ரினாலியா’ என்று பெயரே வைத்துவிட்டார்.

தமிழன் மட்டும் சளைத்தவனா? பல வருஷங்களுக்கு முன் ஒரு பஸ் நிலையக் கழிப்பறையில் ‘சுவரில் எழுதாதீர்’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் நடுவிலிருந்த ‘தா’வை மட்டும் சுரண்டிவிட்டான். ‘சுவரில் எழுதீர்’! வாரீர், கேளீர் மாதிரி சுத்தமான ஏவல் வினை. இலக்கணம் அறிந்த குறும்பு அது. கீழே அந்த உத்தரவை மதித்துப் பலர் எழுதியும் இருந்தார்கள்.

எங்கள் சமண நெறியில் துறவிக்கு ஐந்து சமிதிகள் உண்டு. பேச்சில் கவனம் பாஷா சமிதி. எந்த உயிருக்கும் தீங்கு வராத இடம் பார்த்துக் கழிவை விடுவது உத்சர்க்க சமிதி. இரண்டையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் மீறுகிறவன் இந்தச் சுவர்க் கவிஞன். மாங்குளம் மலைக்குகையில் தமிழ்பிராமியில் பெயர் பொறித்த வெள்ளறை வணிகர்கள் தங்கள் தானத்தைச் சொன்னார்கள். இவனுக்குப் பெயர் போடத் துணிவில்லை.

ஆனால் நான் படித்த அளவில் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் எழுதியவனைத்தான் தேடினார்கள். அதைத் தேய்த்துக் கழுவியவரை யாரும் விசாரிக்கவில்லை. கேரளத்தில் அவர் யார்? தகழி 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ ஆலப்புழையில் நடப்பது. அதில் வரும் தோட்டிகளின் பெயர் இசக்கிமுத்து, சுடலைமுத்து. பெயரைக் கேட்டாலே ஊர் தெரிகிறதல்லவா? தன் மகனாவது தோட்டியாகக் கூடாது, பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று சுடலைமுத்து படும் பாடுதான் கதை. சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்திருக்கிறார். நாம் கடை போட வந்த அதே மண்ணுக்கு வாளியோடு வந்தவர்களும் தமிழர்தான். நம் சங்க மலர்களில் அவர்கள் படம் வந்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு கட்டணக் கழிப்பறையில் மாப்பும் ஆசிட் பாட்டிலுமாக நின்ற அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். தென்காசிப் பக்கம். “சுவத்துல எழுதறதையெல்லாம் படிப்பீங்களாம்மா?” என்றேன்.

“எங்கப்பாவுக்குத்தான் எழுத்துத் தெரியாது ஐயா. நான் படிக்காமலா? அசிங்கமா இருந்தா அப்பவே தேய்ச்சிருவேன். சிரிப்பு வந்தா ஒரு நாள் விட்டுவைப்பேன்.”