நாற்காலி வந்த வழி

கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி, பீரோ என்னும் ஐந்து சொற்களையும் ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்வது தமிழர் வழக்கம். பண்ணைப்புரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் பெண்ணுக்குச் சீர் எழுதும்போது இவை பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஆயினும் இவை ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. கட்டில் சங்க காலத்தது. மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொற்கள். பீரோ பிரெஞ்சு மொழியில் எழுதுமேசையைக் குறித்தது. இங்கு வந்தபின் எழுத்தை மறந்து புடவைக்கும் நகைக்கும் காவலாயிற்று. நாற்காலி ஒன்றே நான்கு கால் உடைமையால் தமிழிலேயே பெயர் பெற்றது. அதனையும் ஈழத்தமிழர் கதிரை என்பர். அச்சொல்லும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததே.

சொற்கள் இவ்வளவு சொல்லும்போது, பொருளைச் செய்தவர் மட்டும் எங்கும் பேசப்படவில்லை. சங்க இலக்கியம் தச்சரை மதிப்போடு நினைக்கிறது என்பதில் ஐயமில்லை. அதியமானின் ஆற்றலைச் சொல்ல வந்த ஔவையார், ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முழுதும் உழைத்து இழைத்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக்குகிறார். விரைவாகச் செய்யத் தெரிந்தவன் வேண்டுமென்றே பொறுத்துச் செய்த பொருளுக்கே உயர்வு என்பது அவ்வுவமையின் உட்கிடை. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசியின் கட்டில், யானைத் தந்தத்தில் கூரிய உளியால் இலைவடிவம் செதுக்கி, கால்களைப் பூண்டின் வடிவில் திரட்டி அமைக்கப்பட்டது. ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்த பொருளைப் பற்றி இவ்வளவு நுட்பமான வருணனை தமிழில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதன்று. மணிமேகலையோ யவனத் தச்சரும் தண்டமிழ் வினைஞரும் ஒருங்குகூடி வேலை செய்ததைக் குறிக்கிறது. பாடிய புலவர் பெயர் தெரியும். பாடப்பட்ட வேந்தன் பெயர் தெரியும். உளி பிடித்தவன் பெயர் தெரியாது.

கட்டில் பழமையானது என்பதனால் தமிழ் வீடுகள் மரச்சாமான்களால் நிரம்பியிருந்தன என்று கொள்ளலாகாது. உண்பதும் உறங்குவதும் கணக்கெழுதுவதும் தரையில்தான். மணமக்கள் அமரும் மணைப்பலகை, ஊஞ்சல், தொட்டில், நெல்லுக்குப் பத்தாயம், பத்திரத்துக்குப் பெட்டி என்ற அளவில் தேவை முடிந்தது. மரத்தையும் உழைப்பையும் தாராளமாகச் செலவிட்ட இடம் தலைவாசல். நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, தச்சருக்கு வேட்டி துண்டு வைத்துக்கொடுக்கும் வழக்கம் சிற்றூர்களில் தொடர்ந்து வந்துள்ளது. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற உழவர் பகுதியில் தச்சரின் அன்றாட வேலை ஏரும் வண்டியும். நிலையும் கதவும்தாம் அவர் தம் கைத்திறனைக் காட்டக் கிடைத்த வாய்ப்பு.

ஐரோப்பியர் வருகையால் இந்நிலை மாறத் தொடங்கியது. தரையில் அமர இயலாத உடையும் பழக்கமும் உடையவர்கள், தம் நாட்டுப் பொருளைக் காட்டி அதுபோல் செய்யச் சொன்னார்கள். 18ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் மரத்தில் தந்தம் பதித்துச் செய்த நாற்காலிகளும் பெட்டிகளும் கும்பெனி அதிகாரிகளின் இல்லங்களை அடைந்தன. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கியபின், தந்தையிடமிருந்து மகன் பெற்று வந்த தொழிற்கல்வி பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. வரைபடம் பார்த்து வேலை செய்யும் பழக்கம் பரவியது.

இம்மாற்றத்தின் முழு உருவத்தைக் காண வேண்டுமாயின் செட்டிநாட்டுக்குத்தான் செல்ல வேண்டும். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. அவ்வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். அவர்கள் ஈட்டிய பணத்தோடு பர்மாத் தேக்கும் கப்பலேறியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு கப்பல் கட்டவே போதாமற்போய், 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்கை விதைத்து வளர்க்கத் தொடங்கியதை இங்கு நினைத்துப் பார்க்கலாம். பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே பர்மாவில் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்றநிலையிலேயே ஓரிரண்டு ஆண்டுகள் உலரவிட்டு, பின்னரே வீழ்த்தி ஆற்றில் விடுவர். அவ்வாறு பதமாக உலர்ந்த மரம் பிளவாமலும் கோணாமலும் நின்றதனால்தான் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் அவ்வளவு பெரிய தூண்களும் கதவுகளும் இயன்றன.

அவ்வீடுகளில் இருவகை மரச்சாமான்கள் உண்டு. முன்பகுதியில் விருந்தினர் பார்வைக்கு ஐரோப்பிய பாணி நாற்காலிகளும் நிலைக்கண்ணாடிகளும் இருக்கும். அவை செல்வத்தை அறிவிக்க வந்தவை. மற்றொன்று கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசை. முழங்கால் உயரம்கூட இராது. பாயில் அமர்ந்து எழுதுவதற்கு ஏற்ப மேற்பலகை சாய்ந்திருக்கும். மூடியைத் தூக்கினால் ஏடும் மைக்கூடும் வைக்க அறைகள். பர்மாவில் பெரும் நிலப்பரப்பைக் கடனால் ஆண்டவர்களின் வணிகம் இந்தக் குட்டை மேசையில்தான் நடந்தது. பிறர் பொருளைப் பார்த்துச் செய்யாமல், தமிழரின் உடல் அமரும் முறைக்கென்றே தச்சர் கண்டு செய்த மேசை இது. முகப்பு நாற்காலிகளைக் காட்டிலும் இதற்கே வரலாற்றில் முதலிடம் தருதல் வேண்டும்.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தது. பல்லாயிரவர் நடந்தே ஊர் திரும்பினர். 1948இன் நில உரிமைச் சட்டமும், 1960களில் நிகழ்ந்த நாட்டுடைமையாக்கமும் எஞ்சிய உடைமைகளையும் முடித்துவைத்தன. இங்கோ ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பழுதுபார்க்கும் செலவை ஏற்பார் இல்லாத நிலையில், தூண் ஒருபுறமும் கதவு ஒருபுறமும் விலைபோயின. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் இவ்வாறு வளர்ந்தவை. நிலைக்கதவு படுக்கவைக்கப்பட்டு, மேலே கண்ணாடி பொருத்தப்பட்டு, விடுதிகளின் உணவுமேசையாகிறது. இதனை இழிவாகப் பேசுவாரும் உளர். விறகாவதினும் மேசையாவது மேல் என்பதே நடுநிலையான கருத்தாக இருக்க முடியும்.

ஆனால் பழுதுபார்க்கும் முறையில் கவலைக்கு இடமுண்டு. பழைய தச்சர் ஒரு சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்தனர். ஒட்டுவதற்கு விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சிய வச்சிரம். வெந்நீர் பட்டால் வச்சிரம் இளகும். முளையைத் தட்டினால் பூட்டு பிரியும். உடைந்த காலை மட்டும் கழற்றி, அதே இன மரத்தில் வேறு கால் செய்து மாட்டலாம். செய்யும்போதே பிற்காலப் பழுதை எண்ணிச் செய்த வேலை இது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் நிறுவ முடிந்ததற்கும் இந்தப் பூட்டுமுறை பெருந்துணை. 1959இல் பெவிகால் சந்தைக்கு வந்தபின் வச்சிரம் காய்ச்சும் சட்டி பட்டறைகளிலிருந்து மெல்ல மறைந்தது. புதுப் பசையின் வலிமையைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் அதனால் ஒட்டிய பூட்டைப் பிரிக்க முனைந்தால் பல நேரங்களில் மரமே பிளக்கிறது. அடுத்துப் பழுதுபார்க்க வருபவருக்கு வழி அடைபடுகிறது.

மேற்பூச்சின் கதையும் அத்தகையதே. எரிசோடாக் கரைசலில் ஊறவிட்டுப் பழைய வண்ணத்தை உரித்தால் வேலை விரைவில் முடியும். நூறாண்டு கைபட்டு ஏறிய நிறமும் கூடவே போகும். பொறுமை உள்ளவர்கள் வண்ணத்தைச் சுரண்டி எடுத்து, சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப்பொதியால் பல முறை தேய்த்து மெருகேற்றுவர். கூலி மிகுதி, கேட்பவர் குறைவு.

இனி மரத்திற்கும் தட்டுப்பாடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் முதல் காட்டுமரம் தச்சர் கையை விட்டு விலகியது. தோதகத்தி எனப்படும் ஈட்டி மரத்தைக் காக்க 1994இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. பண்ணைப்புரத்தாருக்கு நன்கு தெரிந்த மேகமலைக் காடுகள் 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயின. காட்டைக் காக்கும் இந்நடவடிக்கைகள் தேவையானவை. ஆகையால் தோதகத்தியில் ஒரு நாற்காலி வேண்டுவோருக்குப் பெரும்பாலும் பழைய நாற்காலியைச் செப்பனிடுவதே வழி. செப்பனிடத் தெரிந்த ஆசாரிமாரின் மதிப்பு உயர வேண்டிய காலம் இது. அவர்தம் மக்களோ பெரும்பாலும் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர்.

பழைய பொருளைப் பிரிப்பவர்கள் சில வேளைகளில் பூட்டின் உட்புறத்தில் சிறு கீறல்களைக் காண்பதுண்டு. எந்த நாக்கு எந்தத் துளைக்கு உரியது என்பது மாறாதிருக்க, செய்த தச்சர் உளிமுனையால் இட்ட அடையாளங்கள் அவை: ஒரு கோடு, இரு கோடு, குறுக்குக் கோடு. பூட்டிய நாளில் உள்ளே மறைந்தவை. வாங்கியவரும் விற்றவரும் பாராதவை. வெந்நீர்த் துணியை வைத்து, முளையைத் தட்டி, பொறுத்திருந்து பிரிக்கும் மற்றொரு தச்சரின் கண்ணுக்கே அவை படுகின்றன.