கடல் மணலும் விதை எண்ணெயும்

புதுமை என்று உலகம் கொண்டாடும் பொருள்களிற் பல, பழமையின் வயிற்றிற் பிறந்தவையே. இன்று டீசல் எஞ்சின்களை ஆராய்வோர், விதைகளிலிருந்து எடுத்த எரிபொருளிலே மிக நுண்ணிய உலோகத் தூளைக் கலந்து எரித்துப் பார்க்கின்றனர். அத்தூளுக்கு நனோ துணிக்கைகள் என்று பெயர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நனோமீற்றர்; அத்தகைய கூறுகள் நூறுக்கு மேற்படாத பருமனுடையவை இத்துணிக்கைகள். இம்முயற்சியின் வரலாற்றை நோக்குவோமாயின், அதன் வேர்கள் இரண்டும் எமக்கு அந்நியமானவையல்ல என்பது புலனாகும். ஒன்று விதை எண்ணெய். மற்றொன்று கடற்கரை மணல்.

முதலில் விதை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியரான ருடோல்ப் டீசல் தமது எஞ்சினை 1897ஆம் ஆண்டு ஒக்ஸ்பேர்க் நகரிலே வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். மூன்று ஆண்டுகளின் பின், 1900இல், பாரிஸ் பொருட்காட்சியில் அவ்வகை எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. ஆயினும் மண்ணெண்ணெய்க் கிணறுகள் பெருகவே, டீசல் எஞ்சினும் மண்ணின் எண்ணெய்க்கே அடிமையாயிற்று. விதை எண்ணெயிலும் ஒரு குறை இருந்தது. அது தடிப்பானது, எஞ்சினின் நுண்துளைகளில் இலகுவிற் பாயாது கரியாகப் படியும். இக்குறைக்கு மருந்து கண்டவர்களுள் ஒருவர் பெல்ஜிய நாட்டுச் சவான் என்பார். எண்ணெயைச் சாராயச் சத்துடன் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்துவிட்டால், எஞ்சுவது டீசலைப் போன்று மெல்லிதாகும் என்ற முறைக்கு அவர் 1937இல் உரிமம் பெற்றார். இன்று நாம் உயிரி டீசல் என்பது இவ்வழி வந்ததே. செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கரியையே இது எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது. ஆதலால் நிலத்தடியிற் புதைந்து கிடந்த கரியைப் புதிதாகக் காற்றிற் சேர்ப்பது குறைகிறது.

இனி மணலுக்கு வருவோம். எமது பாட்டன்மார் காலத்துத் திருவிழாக்களை ஒளிரச் செய்த பெற்றோமக்ஸ் விளக்கை அறியாத முதியோர் இலர். அதனுள் தொங்கும் மாண்டில் என்னும் சிறு வலைப்பையை 1891இல் செம்மைப்படுத்தியவர் ஒஸ்திரிய நாட்டு வெல்ஸ்பாக். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும், ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டுமே அவ்வலையின் உட்பொருள். அந்த ஒரு பங்கு இல்லையேல் விளக்கு மங்கிவிடும். இப்பொருள்களைத் தேடி ஐரோப்பியர் கீழ்த்திசைக்கு வந்தனர். 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு சொம்பேர்க் என்னும் ஜேர்மன் இரசாயனி மணவாளக்குறிச்சிக் கரையில் மொனசைற்று இருப்பதை அறிந்தார். மொனசைற்றிலே தோரியத்துடன் சீரியமும் உண்டு. மணவாளக்குறிச்சி இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. எமது நாட்டிலும், கொழும்பிற் பிறந்தவரும் பின்னர் கலை விமர்சகராய்ப் புகழ் பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி, கனியவள ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டளவில் தோரியனைற்று என்னும் கனியம் உலகறியக் காரணமானார்.

விளக்கிலே பணிபுரிந்த அதே சீரியம் ஒட்சைட்டுத்தான் இன்று எஞ்சினுக்குள் நுழைகின்றது. அதன் குணம் விந்தையானது. ஒட்சிசன் குறைந்த இடத்திலே தன்னிடமுள்ளதைக் கொடுக்கும். மிகுந்த இடத்திலே திரும்பவும் ஏற்றுக்கொள்ளும். இதனாற் கரிப்புகை எரிந்து குறையும். உயிரி டீசல் எரிகையில் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகத் தோன்றும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் இது குறைக்கக்கூடும். கள்ளிக்கோட்டைத் தேசியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த சஜித், சோபன் ஆகியோர் அயல்நாட்டறிஞர் ஒருவருடன் சேர்ந்து, காட்டாமணக்கு உயிரி டீசலில் இதனைப் பத்து இலட்சத்தில் 20 முதல் 80 பங்கு வரை கலந்து ஆராய்ந்து, பயனுள்ள அளவீடுகளை 2010இல் வெளியிட்டனர். எரியாத ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழினுட்பக் கழகத்திலே சாதிக் பாஷா, ஆனந்த் என்போர் அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைக் கொண்டு இத்தகைய ஆய்வுகளை நடத்தினர். வெப்பத்தை விரைவாகக் கடத்தும் அத்தூள் எரிபொருள் துளிகள் விரைவில் ஆவியாகித் தீப்பற்றத் துணைசெய்கிறது.

இவ்வளவும் கேட்டு மகிழ்வதற்கு முன், நாம் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். எரிவது எண்ணெய், சீரியம் எரிந்து மறைவதில்லை. பத்து இலட்சத்தில் 80 பங்கு என்பது நூறு லீற்றருக்கு ஏறக்குறைய ஏழு கிராம் மாத்திரமே. ஆனால் ஒரு வீதியிலே நாள்தோறும் ஆயிரம் பஸ்கள் ஐம்பது லீற்றர் வீதம் எரிப்பதாகக் கொண்டால், மூன்றரைக் கிலோ தூள் சேர்ந்துவிடும். புகைக்குழாயில் நல்ல வடிகட்டி இருப்பின் அதிற் பெரும்பகுதி அங்கே தங்கும். இல்லையேல் நடப்போரின் சுவாசப்பைக்கே செல்லும். வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பள்ளிப் பிள்ளைகளையும், கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகளின் நடுவே வாழும் முதியோரையும் நினைப்போருக்கு இது சிறு கேள்வியன்று. மேலும், இத்தூள் ஒன்றோடொன்று ஒட்டித் தாங்கியின் அடியிற் படியும் இயல்புடையது. ஆய்வுகூடத்தில் அதனைக் கலக்கி வைக்கும் வசதி எரிபொருள் நிலையங்களில் இல்லை.

விதையின் கதையும் எச்சரிக்கையே தருகின்றது. 2003இல் இந்தியத் திட்டக் குழு காட்டாமணக்கின்மேற் பெருநம்பிக்கை வைத்தது. தரிசு நிலத்திலும் தாராளமாய்க் காய்க்கும் என எண்ணினர். நீரும் உரமும் இன்றி அது எதிர்பார்த்தவாறு காய்க்கவில்லை. நட்ட உழவரிற் பலர் ஏமாற்றமடைந்தனர்.

2022ஆம் ஆண்டில் எமது நாட்டவர் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். அன்னியச் செலாவணி அற்றுப்போனபோது, பிறநாட்டு எண்ணெயை நம்பிய வாழ்வு எத்துணை மெலிந்தது என்பதைக் கண்கூடாகக் கண்டோம். ஆகவே மாற்று எரிபொருளைத் தேடுவது வீண் ஆசையன்று; கடமையே. ஆயினும் தேடுவோர் மூன்று கேள்விகளைக் கைவிடலாகாது. விதை எந்த நிலத்தில், யாருடைய உணவைக் குறைத்து விளைகிறது? கலந்த தூள் எங்கே போய்ச் சேருகிறது? ஆய்வுகூடத்து அளவு வீதியிலும் நிற்கின்றதா?

நூற்றில் ஒரு பங்கு சீரியம் அன்று விளக்குக்கு ஒளி கொடுத்தது. அளவறிந்து இட்டமையாலேயே அது கொடுத்தது. விஞ்ஞானம் பயிலும் எமது இளைஞர், புதிய பொருளைக் கண்டு வியப்பதோடு நில்லாது, அதனை நிறுத்துப் பார்க்கும் தராசையும் கையில் எடுப்பாராக.