ஆபிரிக்கக் கெளிறு: தொட்டிக்குள் வருமானம், குளத்துக்குள் ஆபத்து

மழை இரவில் குட்டையை விட்டு வெளியேறி, ஈர நிலத்தில் ஊர்ந்து அடுத்த நீர்நிலையைச் சென்றடையக்கூடிய மீன் ஆபிரிக்கக் கெளிறு. இதன் விஞ்ஞானப் பெயர் கிளாரியஸ் கரிபினஸ். தென்னாபிரிக்காவின் ஒரேஞ்சு ஆற்றுக்குரிய 'கரீப்' என்ற பழைய பெயரிலிருந்து அது வந்தது. நைல் நதி தொடக்கம் தென்னாபிரிக்கா வரையும் மேற்காசியாவின் சில பகுதிகளிலும் இது இயற்கையாக வாழ்கின்றது. நைஜீரியாவில் இதுவே முதன்மையான வளர்ப்பு மீன்.

தோற்றமும் சுவாசமும்

செதில் இல்லாத வழுவழுப்பான உடல், தட்டையான எலும்புத் தலை, வாயைச் சுற்றி நான்கு சோடி மீசைகள் என்பன இதன் அடையாளங்கள். ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு மேலும் வளரக்கூடியது. செவுள்களுக்கு மேலுள்ள அறையில் மரக்கிளை போன்ற உறுப்பு ஒன்று உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து அவ்வுறுப்பே ஒட்சிசனைப் பெறுகின்றது. ஆகவே கலங்கிய, ஒட்சிசன் குறைந்த நீரிலும் இம்மீன் பிழைக்கும். மார்புச் செட்டை முட்களை ஊன்றி உடலை வளைத்து நிலத்தில் நகரும்.

உணவு

இரவில் இரைதேடும் இம்மீன், மங்கிய நீரில் மீசைகளால் தடவியே உணவை அறிகின்றது. பூச்சி, நத்தை, சிறுமீன், தவளை, அழுகிய உடல், தாவரம் என எதையும் விடாது. குஞ்சுகள் தம்மிலும் சிறியவற்றை விழுங்கிவிடும். இதனால் வளர்ப்போர் அவற்றை அடிக்கடி பருமன்வாரியாகப் பிரிக்க வேண்டும்.

இனப்பெருக்கம்

மழைக்காலத்தில் புதுவெள்ளம் பரவும் ஆழமற்ற இடங்களில் இரவில் முட்டையிடும். புற்களில் ஒட்டிக்கொள்ளும் முட்டைகள், வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். பெற்றோர் காவல் இருப்பதில்லை. வளர்ப்புக் குளங்களில் இம்மீன் தானாக முட்டையிடுவது அரிது. எனவே பெண் மீனுக்கு ஹோர்மோன் ஊசி ஏற்றி முட்டை எடுக்கின்றனர். ஆண் மீனிடமிருந்து விந்து இலகுவில் வெளிவராது. அதனால் பெரும்பாலும் அதனைக் கொன்றே விந்தகத்தை எடுக்க நேர்கிறது.

குளத்துக்குள் தப்பினால்

நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டுக்குள் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். சிறிய இடத்தில் நெருக்கமாக வளர்க்கலாம். சந்தைக்கு உயிருடன் கொண்டுசெல்லலாம். வளர்ப்பவருக்கு இவை வரம். ஆனால் எதையும் உண்டு, எந்த நீரிலும் பிழைத்து, நிலத்திலும் நகரும் இதே இயல்புகளே தப்பியோடிய மீனைக் கட்டுப்படுத்த முடியாததாக்குகின்றன. இந்தியா 2000 ஆம் ஆண்டு இதன் வளர்ப்பைத் தடைசெய்தது. எனினும் கங்கையிலும் யமுனையிலும் இது பரவியுள்ளது. தாய்லாந்தில் உள்ளூர்க் கெளிற்றுடன் கலப்பினம் உருவாக்கி வளர்த்ததால், இயற்கையான உள்ளூர் இனத்திலும் அந்நிய மரபணு கலந்துவிட்டது.

இலங்கைக்கும் இது பொருந்தும் பாடம். உலகில் வேறெங்கும் இல்லாத கிளாரியஸ் பிராக்கிசோமா என்ற கெளிறு நம் நாட்டுக்கே உரியது. வன்னிக் குளங்களில் வலைவீசிப் பிழைக்கும் குடும்பங்களோ விராலையும் கெளிற்றையும் திலாப்பியாவையும் நம்பியிருக்கின்றன. மாரியில் வான்பாயும் குளங்கள் வாய்க்கால்களால் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டவை. ஒரு தொட்டியில் தப்பும் மீன் ஒரு தொட்டியோடு நின்றுவிடாது. இத்தகைய மீன்குஞ்சுகளை எவரேனும் விற்க வந்தால், வாங்குமுன் இனத்தைக் கேட்டறிந்து, நன்னீர் மீன்வளர்ப்பு அதிகாரிகளிடம் விசாரிப்பது நல்லது. வளர்க்க விருப்பமில்லாத மீனைக் குளத்தில் விடவே கூடாது.