முன்னால் போன வண்டி

தெற்கு ரயில்வேயின் சிக்னல் பிரிவில் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தொழிலுக்கு அரிச்சுவடி ஒன்றுதான்: ஒரு பிளாக் செக்‌ஷனுக்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. முன்னால் போனது அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்து, அங்கிருந்து ‘லைன் கிளியர்’ வந்த பிறகுதான் பின்னால் நிற்பதற்குக் கைகாட்டி இறங்கும். என் காலத்தில் ஒற்றைப் பாதையென்றால் நீல்ஸ் கருவியிலிருந்து இரும்புப் பந்து வெளியே வந்து டிரைவர் கைக்குப் போகவேண்டும். பந்து இல்லாமல் சக்கரம் உருளாது. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? “அவுட்டர்ல போட்டுட்டான்” என்று அலுத்துக்கொள்வார்கள். நம் பத்திரத்துக்காகத்தான் நிற்கிறோம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அந்தக் குறை எனக்குக் கடைசிவரை இருந்தது.

அதனால்தானோ என்னவோ, கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போகும்போது டிஸ்னிலேண்டின் ரோலர் கோஸ்டர்களை என்னால் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடிவதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ஏறக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. வரிசையில் நிற்கத் தடையில்லை. பேத்தியோடு மேடைவரை போவேன். அவள் ஏறி உட்கார்ந்ததும் அங்கிருக்கும் பணியாளரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து வழியாக இறங்கிவிடுவேன். ஆகவே எனக்குக் கிடைப்பது வரிசை மட்டும்தான். அந்த வரிசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது என் தொழிலின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

பென்சில்வேனியா மலைகளில் அந்நாளில் மாக் சங்க் என்று பெயர் கொண்ட ஓர் ஊர். சுரங்கத்திலிருந்து நிலக்கரியை ஆற்றங்கரைக்குக் கொண்டுவர 1827ல் அங்கே ஒரு தண்டவாளம் போட்டார்கள். இன்ஜின் கிடையாது. கரி ஏற்றிய வண்டிகள் சரிவில் தம் எடையாலேயே இறங்கும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுக்கும். அந்தக் கழுதைகள் இறக்கத்தில் நடக்கவில்லை. அவற்றுக்கென்று தனி வண்டி. அதில் நின்றபடி கீழே வந்தன. பின்னாளில் கரிக்கு வேறு பாதை வந்ததும் இந்தத் தடம் உல்லாசப் பயணிகளுக்கென்றே ஓடியது. இறங்குவதற்காகவே காசு கொடுத்து மலையேறினார்கள் ஜனங்கள்.

இதைப் பார்த்துத்தான் லாமார்கஸ் தாம்ப்சன் என்ற காலுறைத் தயாரிப்பாளருக்கு யோசனை வந்தது. தெய்வபக்தி மிகுந்தவர், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். சாராயக் கடைகளில் நேரத்தைத் தொலைக்கும் இளைஞர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்பது அவருடைய கவலை. 1884 ஜூனில் நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் ‘ஸ்விட்ச்பேக் ரயில்வே’யைத் திறந்தார். இருபுறமும் இரண்டு மரக் கோபுரங்கள், நடுவே சுமார் 600 அடி நீளத்துக்கு ஏற்ற இறக்கமாகத் தண்டவாளம். வேகம் மணிக்கு 6 மைல், கட்டணம் 5 சென்ட். பயணிகள் பெஞ்சில் பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்தார்கள். மறுகோடி வந்ததும் எல்லோரும் இறங்குவார்கள், ஆட்கள் வண்டியை மேலே தள்ளி ஏற்றுவார்கள், பயணிகள் மறுபடி ஏறித் திரும்புவார்கள். போட்ட பணம் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டது.

நான் பெரிதாக மதிப்பது அவருடைய அடுத்த வேலையை. 1887ல் அட்லாண்டிக் சிட்டியில் ‘சீனிக் ரயில்வே’ என்று ஒன்றைக் கட்டினார். தடத்தின் ஒரு பகுதி சுரங்கத்துக்குள் போகும். உள்ளே சுவரெல்லாம் தீட்டிய காட்சிகள். வண்டி நெருங்கும்போது அந்த வண்டியே விளக்கை ஏற்றிவிடும்; இருட்டிலிருந்து படம் பளிச்சென்று எழும். ரயில் வந்துவிட்டதை ரயிலைக் கொண்டே அறிவிக்கச் செய்யும் டிராக் சர்க்யூட்டை வில்லியம் ராபின்சன் 1872ல் கண்டுபிடித்திருந்தார். அது விபத்தைத் தடுக்க. இது வியப்பை உண்டாக்க. கதை சொல்லும் ரோலர் கோஸ்டரின் பிறப்பை நான் இங்கேதான் வைப்பேன். ஆனால் அந்தக் கதை முழுவதும் ஏறி உட்கார்ந்தவருக்குத்தான். வெளியே நின்றவருக்கு அதில் பங்கில்லை.

1920கள் மரக் கோஸ்டர்களின் பொற்காலம். 1927ல் கட்டிய கோனி தீவின் சைக்ளோன் இன்றும் ஓடுகிறது. பிறகு பொருளாதார மந்தமும் போரும் வந்தன. நூற்றுக்கணக்கில் பிரித்துப் போட்டார்கள்.

1959 ஜூன் 14ல் டிஸ்னிலேண்டில் மேட்டர்ஹார்ன் திறந்தது. சுவிட்சர்லாந்துச் சிகரத்தின் நூறில் ஒரு பங்கு உயரம், 147 அடி. அதற்குள் இரண்டு தடங்கள். மரச்சட்டமும் தட்டைப்பட்டையுமாக இருந்த பாதைக்குப் பதிலாக எஃகுக் குழாயை வளைத்துத் தண்டவாளமாக்கியவர்கள் ஆரோ டெவலப்மென்ட் நிறுவனத்தின் எட் மோர்கனும் கார்ல் பேக்கனும். புத்தகங்கள் எல்லாம் இந்தக் குழாயைத்தான் கொண்டாடுகின்றன. எனக்கு அதைவிடப் பெரியது இன்னொன்று. ஒரே தடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சறுக்குவண்டிகளை மின்கட்டுப்பாட்டால் பத்திரமாக ஓட்டினார்கள். தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி காலியானால்தான் பின்வண்டிக்கு அதில் அனுமதி. பழைய மரக் கோஸ்டர்களில் ஓர் ஆள் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கண்ணால் பார்த்துச் செய்த வேலை அது. பயிற்சிக் காலத்தில் நாங்கள் படித்த அதே பிளாக் முறை, ஒரு பொம்மை மலையின் வயிற்றுக்குள்.

மேடையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்கிவரும் வண்டி ஒரு குட்டையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகம் தணிந்து உள்ளே வரும். மேடையில் ஏற்கெனவே ஒரு வண்டி நிரம்பி, பெல்ட் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. பணியாளர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியாகிவிட்டது. ஆனாலும் வண்டி நகராது. “தாத்தா, எல்லாரும் ரெடிதானே, ஏன் போகல?” என்றாள் பேத்தி. “முன்னாடி போனது இன்னும் அந்த செக்‌ஷனைத் தாண்டலம்மா” என்றேன். அவள் மலையை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே எங்கோ சக்கரச் சத்தம் ஒன்று தேய்ந்து மறைந்தது. அதன் பிறகே எங்கள் பக்கத்து வண்டி கிளம்பியது. “இப்ப தாண்டிடுச்சா?” என்று கேட்டாள். நான் உத்தியோகத்தில் இருந்தவரை எந்தப் பயணியும் என்னைக் கேட்காத கேள்வி அது.

வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான். 34 பேர் ஏறும் வண்டி நிமிடத்துக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 2,040 பேர். முன்னால் ஆயிரம் பேர் நின்றால் அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்றென்றால் அதுவே ஒரு மணி நேரம். இடைவெளியை இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. குறைத்தால் வண்டிகள் தடத்திலேயே நின்று நின்று போகும். ஆக, காத்திருப்பை ஒழிக்க வழியில்லை. காத்திருப்பவரை மதிக்க வழியுண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக எர்லாங் 1909ல் போட்ட கணக்கு வரிசையின் நீளத்தைச் சொன்னது. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், காரணம் தெரியாத காத்திருப்பு அதைவிட நீளம் என்று 1985ல் டேவிட் மைஸ்டர் எழுதினார். பூங்காக்காரர்கள் அதைக் கட்டடத்தில் எழுதத் தொடங்கி அப்போதே வெகுகாலம் ஆகியிருந்தது.

1975ல் ஃப்ளோரிடாவில் திறந்த ஸ்பேஸ் மவுண்டனில் இருண்ட நீண்ட நடைவழியும், ஜன்னல்களில் நட்சத்திரங்களும். 1979ல் கலிஃபோர்னியாவில் டோனி பேக்ஸ்டர் அமைத்த பிக் தண்டர் மவுண்டனில், முன்பு அங்கே ஓடிய சுரங்க ரயிலின் குட்டி ஊரை இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள்; நிஜமான பழைய சுரங்கச் சாமான்களைத் தேடி வாங்கி வைத்தார்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் மரங்களின் உச்சிக்கு மேலே எதுவும் எழும்பக்கூடாது என்று கட்டுப்பாடு. ஜான் வார்ட்லி பாறையை வெடிவைத்துக் குடைந்து பள்ளத்துக்குள் நெமெசிஸை இறக்கினார், 1994ல். வரிசை அந்தப் பள்ளத்தைச் சுற்றியே போகும். தொங்குவண்டி தலைக்கருகே பாய்ந்து போகும். சுவரில் எதையும் தீட்டத் தேவையில்லாத வரிசை அது.

நான் பார்த்தவற்றில் முதலிடம் ஃப்ளோரிடாவின் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டுக்கு. 2006 ஏப்ரலில் திறந்தது, உயரம் 199.5 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் எச்சரிக்கை விளக்கு வைக்கவேண்டி வரும். இமயச் சிகரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் கதை கெட்டுவிடும். ஜோ ரோடியும் அவருடைய குழுவும் நேபாளம் போய்த் திரும்பி இதைக் கட்டினார்கள். தேயிலை ஏற்றிப்போன பழைய ரயிலில் நாம் மலையடிவாரத்துக்குப் போகிறோம், வழியில் எட்டி என்ற பனிமனிதன் இருக்கிறான் என்பது கதை. அந்தக் கதை முழுவதும் வரிசையில் இருக்கிறது. முதலில் பயண ஏற்பாட்டு அலுவலகம், பிறகு மணிகள் தொங்கும் மண்டபம், மலையேறுவோருக்கான சாமான் கடை, கடைசியில் எட்டி அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் காலடித் தடத்தின் வார்ப்பு, சிதைந்த கூடாரம். அலமாரிப் பாத்திரங்களில் பலவும் இமயத்திலிருந்து வந்தவை. அடுப்பில் வைத்துப் புழங்கிய கரி இன்னும் அடியில் ஒட்டியிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். பின்னால் நின்றவர்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள்.

உள்ளே வண்டி பிய்ந்து நிற்கும் தண்டவாளத்தின் முன் நிற்கும். பின்னால் தடம் மாற்றும் பாயிண்ட் மாறும். வண்டி இருட்டில் பின்னோக்கி வழுக்கும். பாயிண்ட் மாற்றுவதையே ஒரு காட்சியாக்கிய மூளைக்கு நான் கும்பிடு போடுகிறேன். உள்ளே இருக்கும் பிரம்மாண்ட எட்டி பொம்மை திறந்து வெகுநாள் ஆவதற்குள் அசைவதை நிறுத்திவிட்டது. விளக்கை வெட்டி வெட்டி எரியவிட்டு அசைவதுபோலக் காட்டுகிறார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் நின்று நிதானமாகப் பார்த்து வருபவரின் மனத்தில் அந்தப் பனிமனிதன் நன்றாகவே அசைகிறான்.

வரிசை வாயிலில் சிலருக்கு ஒரு சிவப்பு அட்டையைக் கொடுப்பார்கள். அதை மேடையருகே திருப்பிக் கொடுத்தால், இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று கணினி குறித்துக்கொள்ளும். ஒருமுறை எங்களிடம் கொடுத்தார்கள். பேத்தி அதை டோக்கன் பந்துபோல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள்; அந்தப் பந்தைப் பற்றி நான் சொல்லியிருந்தேன்.

1999ல் டிஸ்னி ‘ஃபாஸ்ட்பாஸ்’ கொண்டுவந்தது. இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால் எத்தனை மணிக்குத் திரும்பி வரவேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டு வரும். இலவசம், எல்லோருக்கும் உண்டு. 2021ல் அதன் இடத்துக்குக் காசு கட்டி முந்தும் முறை வந்தது. இரண்டு வரிசைகளும் சேரும் இடத்தில் ஒரு பணியாளர் நின்று, இந்தப் பக்கம் கை நீட்டி நிறுத்தி அந்தப் பக்கத்தை விடுகிறார். ரயிலிலும் எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சரை லூப்பில் போடுகிறார்களே என்று மருமகன் கேட்டார். போடுகிறோம்தான், மாப்பிள்ளை. அங்கே இரண்டும் வேறு வேறு வண்டி. இங்கே முந்தியவரும் காத்திருந்தவரும் ஒரே வண்டியில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள்; ஒருவருக்கு எட்டி யார் என்று தெரியும், மற்றவருக்குத் தெரியாது. காசு வரிசை பல இடங்களில் குறுக்குவழியாகப் போய் இந்தக் காட்சிகளைத் தாண்டிவிடுகிறது. என்னைக் கேட்டால், முந்துகிறவர்களையும் அருங்காட்சியகத்தின் வழியாகவே விடவேண்டும். சுவரோரம் ஓர் ஆள் நடக்க இடம் போதும்.