பீப்பாவும் தண்டவாளமும்

1841ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லவ்பரோ என்னும் ஊரை நோக்கித் தனிப் புகையிரதமொன்று புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 500 பேர் பயணஞ் செய்தனர். தலைக்கு ஒரு சிலிங் கட்டணம். ஒழுங்கு செய்தவர் தோமஸ் குக். உல்லாசப் பயணத்துறையின் முன்னோடியென இன்று போற்றப்படும் இவர் அன்று மதுவிலக்குப் பிரசாரகராக விளங்கியவர். அப்பயணத்தின் நோக்கமும் மதுவிலக்குக் கூட்டமொன்றிற் பங்குபற்றுவதே. தொழிலாளரை மதுச்சாலையிலிருந்து மீட்கப் புகையிரதம் துணைசெய்யும் என்று குக் நம்பினார். ஊர் ஊராகப் புகையிரதத்திற் சென்று, அவ்வவ்வூர் மதுச்சாலையில் அவ்வவ்வூர்ப் பியரைச் சுவைத்து மீளும் வழக்கம் இன்று அந்நாட்டில் ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியிருப்பதை நோக்குமிடத்து, வரலாறு அவரது நம்பிக்கையை எள்ளி நகையாடியுள்ளது என்றே கூறவேண்டும். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புகையிரதத்துக்கு முந்திய இங்கிலாந்திற் பியர் பெரும்பாலும் உள்ளூர்ப் பொருளாகவே இருந்தது. இதனைக் கிராமிய வாழ்வின் எழிலாகக் கொண்டு உருகுவோர் உளர். உண்மை அத்துணை இனிமையானதன்று. பியரின் பெரும்பகுதி நீர், பாரம் மிக்கது, பாரத்துக்கேற்ற பெறுமதி அற்றது, புளித்துக் கெடும் இயல்புடையது. அதனைக் குதிரை வண்டியில் நெடுந்தூரம் கொண்டுசென்றால் வண்டிக்கூலி இலாபத்தை விழுங்கிவிடும். ஆகவே உள்ளூர்த்தன்மை என்பது அக்கால மக்களின் தெரிவு அன்று, வண்டிக்கூலியின் விளைவு. நீர்வழி வாய்த்த இடங்களே இதற்கு விதிவிலக்காயின. டிரென்ட் நதிக்கரையிலுள்ள பேர்ட்டன் நகரம் அத்தகையது. 1712இல் அந்நதி படகுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டதன் பின்னர், பேர்ட்டனின் பியர் ஹல் துறைமுகம் வழியாகப் பால்டிக் நாடுகளுக்குச் சென்றது. அந்நகரின் கிணற்று நீரிற் கல்சியம் சல்பேற்று மிகுதி. தெளிவும் கசப்பும் மிக்க வெளிர்நிறப் பியருக்கு அந்நீரே உகந்ததென்பதைப் பிற ஊரார் பொறாமையுடன் ஒப்புக்கொண்டனர்.

1839இல் பேர்மிங்ஹாம் – டார்பி புகையிரதப் பாதை பேர்ட்டனை அடைந்தது. இப்பாதையின் கொம்பனியும், குக்கின் கூட்டத்தினரை ஏற்றிச்சென்ற கொம்பனியும் 1844இல் ஒன்றிணைந்தே மிட்லண்ட் புகையிரதக் கொம்பனி உருவாயிற்று. மதுவிலக்காளரைச் சுமந்த தண்டவாளமும் பியர்ப் பீப்பாக்களைச் சுமந்த தண்டவாளமும் ஒரே முதலாளிகளின் கைக்கு வந்தன. முதலீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதன் பின்னர் ஏற்பட்ட வளர்ச்சி வியக்கத்தக்கது. 1777இல் வில்லியம் பாஸ் தொடங்கிய ஆலை, நூறாண்டுகளின் பின் வருடமொன்றுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் பீப்பா பியரை உற்பத்தி செய்து, உலகின் மிகப்பெரிய பியர் ஆலை என்னும் நிலையை எய்தியது. ஆலைகளின் சொந்தத் தண்டவாளங்கள் பேர்ட்டன் தெருக்களைக் குறுக்கறுத்து ஓடின. மிட்லண்ட் கொம்பனி 1868இல் லண்டனில் திறந்த சென் பாங்கிராஸ் நிலையமோ இவ்வணிகத்தின் நினைவுச்சின்னம் எனத் தகும். ரீஜன்ட் கால்வாயைக் கடந்துவர வேண்டியிருந்தமையால் அங்கு தண்டவாளம் தெரு மட்டத்துக்கு மேலே அமைய வேண்டியதாயிற்று. கீழே உருவாகும் வெளியை மண்ணிட்டு நிரப்பாது, பேர்ட்டனிலிருந்து வரும் பீப்பாக்களை அடுக்கும் நிலவறையாக்கினார் பொறியியலாளர் வில்லியம் பார்லோ. இரும்புத் தூண்களுக்கிடையிலான தூரத்தைப் பீப்பாக்கள் அடுக்கப்படும் அளவைக் கொண்டே அவர் வகுத்தார். 240 அடி அகலத்தை ஒரே வளைவில் மூடிய மேற்கூரையைப் புகழாதார் இல்லை. ஆயின் அம்மாளிகையின் அளவுகோல் பியர்ப் பீப்பா என்பதை அறிந்தோர் சிலரே.

பியர் பயணஞ் செய்தது போலவே குடிப்போரும் பயணஞ் செய்தனர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏனைய தடைநேரங்களிலும் மதுச்சாலைகள் மூடப்படவேண்டும் என விதித்த சட்டம், மெய்யான பயணிக்கு மட்டும் விலக்களித்தது. முன்னிரவைக் குறைந்தது மூன்று மைலுக்கு அப்பால் உள்ள இடத்திற் கழித்தவனே அத்தகைய பயணி என 1874ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. புகையிரத நிலையச் சிற்றுண்டிச்சாலைகளும் வந்துபோகும் பயணிகளுக்கு மது விற்கலாயின. தாகமுற்றவனுக்கு மூன்று மைல் ஒரு தூரமா? பயணத்தையும் பியரையும் இணைத்துவைத்ததிற் சட்டத்துக்கும் பங்குண்டு. இன்னொரு விந்தையும் உண்டு: குக் மதுவிலக்குக்காகக் கையாண்ட உல்லாசப் புகையிரத முறையைப் பாஸ் ஆலையே தன் தொழிலாளரைக் கடற்கரைக்கு அழைத்துச்செல்லப் பின்பற்றியது. 1893இல் கிரேட் யார்மத் சென்ற அவ்வாலையினருக்குப் பதினைந்து தனிப் புகையிரதங்கள் தேவைப்பட்டன.

தண்டவாளம் பேர்ட்டனுக்கு அளித்த வாழ்வு பல சிற்றூர் ஆலைகளுக்குச் சாவாயிற்று. பெரிய ஆலைகள் மதுச்சாலைகளை விலைக்கு வாங்கித் தம் பியரை மட்டுமே விற்கும்படி கட்டுப்படுத்தின. பின் ஒன்றையொன்று விழுங்கின. 1960களின் இறுதியில் ஆறு பெருங் கொம்பனிகளே சந்தையில் ஆதிக்கஞ் செலுத்தின. மதுவம் உயிருடன் இருந்து பீப்பாவினுள்ளேயே நொதிப்பை நிறைவுசெய்யும் பழைய பியருக்குப் பதிலாக, வடித்து, சூடேற்றி, காபனீரொட்சைட்டால் அழுத்திய ஒரே சுவைப் பியர் நாடெங்கும் பரப்பப்பட்டது. இதே காலத்தில், 1963இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை 2,363 புகையிரத நிலையங்களை மூடும்படி விதந்துரைத்தது. சிறியது இலாபந் தராது, ஆகவே அது இருக்கவேண்டியதில்லை என்னும் ஒரே கணக்குத்தான் இரு துறைகளிலும் செயற்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எதிர்ப்பு 1971இல் எழுந்தது. நால்வர் சேர்ந்து தொடங்கிய ‘காம்ரா’ என்னும் இயக்கம் உயிருள்ள பியரைக் காக்க நுகர்வோரைத் திரட்டியது. இதற்கு முன்னரே, 1967ஆம் ஆண்டு வீதிப் பாதுகாப்புச் சட்டம் வாகனமோட்டுவோரின் இரத்தத்தில் மதுவின் அளவுக்கு வரம்பு விதித்திருந்தது. எனவே தொலைவூர்ப் பியரைத் தேடிச் செல்வோனுக்குப் புகையிரதமே நம்பத்தக்க துணையாயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டெவன், கோர்ன்வால் பகுதிகளின் கிளைப்பாதைகளில் இவ்வழக்கம் ஒழுங்கமைக்கப்பட்ட வடிவம் பெற்றது. பிளிமத்திலிருந்து கனிஸ்லேக் வரை செல்லும் தேமார் பள்ளத்தாக்குப் பாதை அவற்றுள் ஒன்று. அப்பாதையின் ஒரு பகுதி 1966இல் மூடப்பட்டது; எஞ்சிய பகுதி வீதி வசதியின்மையாற் பிழைத்தது. அதன் நிலையங்களையும் அயலிலுள்ள மதுச்சாலைகளையும் இணைத்து வழிகாட்டிப் பிரசுரங்கள் வெளியிடப்பட்டன. நமது தவறணையை மனத்திற் கொண்டு ஆங்கிலக் கிராமத்தின் ‘பப்’பை எடைபோடுதல் பொருந்தாது, அது ஊர்மண்டபமும் செய்திக் களமுமாகும். அது மூடப்பட்டால் ஊரார் கூடுவதற்கு வேறிடம் இருப்பதில்லை.

வடக்கே மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் இடைப்பட்ட மலைப்பாதையின் கதை வேறு. ஸ்டேலிபிரிட்ஜ் நிலையத்தில் 1885ஆம் ஆண்டுச் சிற்றுண்டிச்சாலை இன்றும் மதுச்சாலையாக இயங்குகிறது. 1850இற் கட்டிமுடிக்கப்பட்ட ஹடர்ஸ்ஃபீல்ட் நிலையத்தின் கிரேக்கபாணி முகப்புக்கு இருபுறமும் இரு மதுச்சாலைகள் உள்ளன. 2009இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இப்பாதையைப் பிரபலப்படுத்த, வார இறுதிகளிற் கூட்டம் பெருகியது. மாறுவேடமணிந்து, பியரின் சுவை பற்றிய கவலையெதுவுமின்றி, நிலையத்துக்கு நிலையம் குடித்துச் செல்வோர் ஊர்களை நிறைத்தனர். சில மதுச்சாலைகள் சனிக்கிழமைகளில் லாகர் வகைப் பியரையும் கடுமது வகைகளையும் விற்க மறுத்தன.

இவ்வழக்கத்தைப் பழைய உள்ளூர்ப் பியரின் மறுமலர்ச்சியென வருணிப்போருடன் எம்மால் உடன்பட முடியவில்லை. பழையது வண்டிக்கூலியின் கட்டாயத்தால் விளைந்தது. புதியது தெரிவினால் விளைந்தது. தெரிவுக்குப் பயணவசதி வேண்டும். இலாபந்தராத கிளைப்பாதைகளோ பொதுப்பணத்தின் ஆதரவிலேயே ஓடுகின்றன. சனிக்கிழமைக் கூட்டத்தை வெறுக்கும் ஊரார் அந்த வண்டியிலேயே திங்கட்கிழமை வேலைக்குப் போகின்றனர் என்பதால், கூட்டத்தைக் குறைக்க வண்டியைக் குறைக்கும்படி அவர்களாற் கேட்க இயலாது. சென் பாங்கிராஸ் நிலவறையிற் பீப்பாக்கள் இப்போது இல்லை. 2007 முதல் அத்தூண்களுக்கிடையே பாரிஸ் செல்லும் பயணிகள் காத்திருக்கின்றனர்.